படித்தது ஒரு மொழியில், பரீட்சை இன்னொரு மொழியில்

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 69. பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல் அழைத்திருந்தார். சபைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த 300க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆசிரியர் பயிற்சி நடந்தது. அம்மையார் பேசியது இத்தாலிய மொழியில். பக்கத்தில் இருந்த மகன் மரியோ அதைத் துண்டு துண்டாக ஆங்கிலத்தில் சொல்வார். ஆங்கிலத்தில் கேட்டதை அந்த ஆசிரியர்கள் ஊர் திரும்பித் தமிழிலும் குஜராத்தியிலும் இன்னும் பல மொழிகளிலும் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டுக்காரர் என்று ஆங்கில அரசு மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது; தாயாரின் 70ஆவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31ஐ ஒட்டித்தான் விடுவித்தது. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் மாண்டிசோரி இழந்தது மகனை மட்டுமல்ல, தம் ஆங்கிலக் குரலையும்தான்.

இந்தியாவில் மாண்டிசோரி முறை பரவியதில் அந்த ஓலைக் கொட்டகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கருத்து மூன்று மொழிகளைக் கடந்து குழந்தையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது மரியோ செய்த வேலை. ஒரு வாக்கியம் இந்த மொழியில் முடிந்தால், அது முழுசாக அந்த மொழியிலும் எழுந்து நின்ற பிறகுதான் அடுத்த வாக்கியம். சென்னையில் கல்வி, நினைவாற்றல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'இரண்டு மொழியையும் போட்டுக் குழப்பாதே' என்ற எச்சரிக்கை வந்துவிடுகிறது. மொழி மாறுவதுதான் பாடத்தைக் கெடுக்கிறதா, அல்லது கடத்திவிட ஒரு மரியோ இல்லாமல் மாறுவது கெடுக்கிறதா என்பதே இந்தச் சொற்பொழிவின் கேள்வி.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஆங்கிலவழியில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் ஒரு நாளைப் பார்க்கலாம். புத்தகம் ஆங்கிலம். ஆசிரியை ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்து, விளக்கத்தைத் தமிழில் சொல்கிறார். மாலை டியூஷனில் பாதிக்குப் பாதி. இரவு பாட்டி கேட்கிறார்: "இன்னிக்கு என்னடா பாடம்?" "போட்டோசிந்தசிஸ், பாட்டி." "அப்படின்னா?" "அதான்... செடி ஃபுட் பிரிப்பேர் பண்ணும்." மறுநாள் பரீட்சையில் அதே பிள்ளை நான்கு முழு ஆங்கில வாக்கியங்கள் எழுத வேண்டும். விடைத்தாள் திரும்பி வந்ததும் வீட்டில் கேட்கும் வசனம் எல்லோருக்கும் பழக்கமானது: "எல்லாம் தெரியும், எழுதத்தான் வரலை."

அந்த வசனம் சாக்கு அல்ல; அதற்கு ஆய்வுக்கூட ஆதாரம் இருக்கிறது. 2000இல் வியோரிகா மரியன், உல்ரிக் நைசர் என்ற இருவர், ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழியில் நடந்த சம்பவங்கள் அதிகம் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலத்தில் நடந்தவை. அதே மரியன், கெய்ட்லின் ஃபாசியுடன் சேர்ந்து 2006இல் பாடத்தையே சோதித்தார். ஸ்பானிஷும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு உயிரியல், வேதியியல், வரலாறு, புராணம் என்று சிறு சிறு பாடங்களைச் சொல்லி, பிறகு கேள்வி கேட்டார்கள். பாடம் சொன்ன மொழியிலேயே கேள்வியும் வந்தபோது சரியான விடைகள் கூடின. மொழி மாறியதும் குறைந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கம் தமிழில் உள்ளே போனது. ஆங்கிலத்தில் கேட்டால் அது உடனே வெளியே வருவதில்லை. 'தெரியும், எழுத வரலை' என்பது அனேகமாக உண்மைதான்.

எண்களில், நினைவின் மேல் மொழிக்கு உள்ள இந்தப் பிடிப்பு இன்னும் இறுக்கம்.

மாடவீதியில் பூ விற்பவர் "முழம் நாப்பத்தஞ்சு" என்றால், கூட வந்த பள்ளிப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பூக்கார அம்மாவே "ஃபார்ட்டி ஃபைவ்பா" என்று எடுத்துக் கொடுக்கிறார். இங்கே ஆங்கிலம் படிக்காதவருக்குத்தான் இரண்டு மொழி எண்களும் தெரிகின்றன என்பது வேறு வேடிக்கை. அதேபோல, ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசாத பாட்டிகூடத் தன் கைப்பேசி எண்ணை 'நைன் எய்ட் ஃபோர்' என்றுதான் ஒப்பிக்கிறார். தமிழில் சொல்லச் சொன்னால் திணறுகிறார். எந்த மொழியில் நாக்கில் ஏறியதோ அந்த மொழியில்தான் எண் இறங்குகிறது.

எலிசபெத் ஸ்பெல்கே, சன்னா சிவ்கின் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்குப் புதிய கணக்குகளையும் வரலாறு, புவியியல் தகவல்களையும் இரண்டில் ஒரு மொழியில் பழக்கினார்கள். துல்லியமான எண் தேவைப்பட்ட இடங்களில், பழகிய மொழியில் விடை விரைவாக வந்தது. மற்ற மொழியில் தாமதமானது. தோராயமான அளவுகளுக்கும் எண் சம்பந்தமில்லாத தகவல்களுக்கும் அந்த வேறுபாடு இல்லை. மரியன், ஃபாசி ஆய்வோடு இது முழுசாக ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை: அங்கே எண் இல்லாத தகவலும் மொழியோடு ஒட்டியிருந்தது, இங்கே ஒட்டவில்லை. ஆனால் எண் விஷயத்தில் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. வாய்ப்பாடு என்ற பெயரிலேயே வாய் இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லியே ஏற்றினார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது வெறும் மனப்பாடம் அல்ல, அதுவே கற்கும் முறை என்று காட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை 'ஈரெட்டு பதினாறு' என்று படித்த மொழியிலேயே சந்தையில் கணக்கும் போட்டது. இன்றைய பிள்ளை 'டூ எய்ட்ஸா ஆர் சிக்ஸ்டீன்' என்று படித்துவிட்டுப் பூக்கடையில் திகைக்கிறது.

கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. விசை, முடுக்கம், உந்தம் என்று பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, முதலாண்டுப் பொறியியல் வகுப்பில் உட்காருகிறது. கருத்து தெரியும், கரும்பலகையில் இருப்பது அதே கருத்துதான் என்று புரிய நேரம் பிடிக்கிறது. அந்தப் பிள்ளைகளை 'வீக்' என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நினைவின் வேலையைக் கொஞ்சம் அறிந்தவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டார்கள்.

கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்தப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இதை மொழிப்பற்று, மொழி வெறுப்பு என்ற இரண்டு கட்சியாக மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தப்பிவிடும். தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இரண்டு வழிகள் போடப்பட்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் குறுக்குச் சாலை எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. தமிழில் படித்த கருத்தை ஆங்கிலத்தில் விளக்கவும், ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதவும் வாரத்தில் ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படுவதில்லை.

வேல்ஸில் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். பங்கோரைச் சேர்ந்த கென் வில்லியம்ஸ் 1994இல் தம் ஆய்வேட்டில் விவரித்த முறை அது. ஆங்கிலத்தில் ஒரு பாடத்தை வாசி, வேல்ஷ் மொழியில் அதை எழுது. அடுத்த முறை வேல்ஷில் கேள், ஆங்கிலத்தில் பேசு. பிற்பாடு 'டிரான்ஸ்லேங்குவேஜிங்' என்று உலகம் முழுக்கப் பரவி, இன்று என்னென்னவோ பொருளில் கையாளப்படும் சொல்லின் பிறப்பு இவ்வளவு எளிமையானது. அந்த முறையின் சூட்சுமம் ஒன்றுதான். ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் சொல்ல வேண்டுமானால், புரியாமல் சொல்ல முடியாது. மனப்பாடம் அந்த இடத்தில் உதவாது.

சென்னையில் நடக்கும் மொழி மாற்றமும் இதுவும் ஒன்று என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்றல்ல. டேவிட் கிரீன், ஜூபின் அபுதலேபி இருவரும் 2013இல் இருமொழி வாழ்க்கையை மூன்று சூழல்களாகப் பிரித்தார்கள். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது முதல் சூழல். ஒரே இடத்தில் ஆளுக்கேற்ப மொழி மாற்றிப் பேசுவது இரண்டாவது. தியாகராய நகர் ஜவுளிக்கடையில் புடவை விரிக்கும் பெண், இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் தமிழிலும் அந்தப் பக்கம் நெல்லூரிலிருந்து வந்தவரிடம் தெலுங்கிலும் ஒரே மூச்சில் விலை சொல்வது இந்த வகை. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் பின்னிப் பேசுவது மூன்றாவது. மூளைக்கு அதிக வேலை வைப்பது இரண்டாவது சூழல். ஒன்றை அடக்கி ஒன்றைக் கிளப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதில் எதையும் அடக்க வேண்டியதில்லை. எந்தச் சொல் முன்னால் வந்து நிற்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

அடக்குவதற்கு உண்மையிலேயே விலை இருக்கிறது. 1999இல் ரெனாட்டா மியூட்டர், ஆலன் ஆல்போர்ட் என்ற இருவர், திரையில் தோன்றும் எண்களை இரண்டு மொழிகளில் மாற்றி மாற்றிச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். மொழி மாறும் ஒவ்வொரு முறையும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம். வியப்பு என்னவென்றால், பலவீனமான மொழியிலிருந்து தாய்மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகம். பலவீனமான மொழியைப் பேச, பலமான மொழியை நன்றாக அழுத்தி வைத்திருக்க வேண்டியிருந்தது. அழுத்தியதை மறுபடி எழுப்ப நேரமாகிறது. நாள் முழுக்க ஆங்கிலத்தில் கூட்டம் நடத்திவிட்டு வந்தவருக்கு வீட்டில் சாதாரணத் தமிழ்ச் சொல் ஒன்று தட்டுப்படாமல் போவதற்குத் திமிர்தான் காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

கலந்து பேசுவதையும் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. 'அட்ஜஸ்ட் பண்ணு', 'டிரைவ் பண்ணு' என்பதில் சொல் ஆங்கிலம். காலமும் இடமும் எண்ணும் காட்டும் வினை தமிழ். மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இ. அண்ணாமலை, இந்தக் கலப்புக்கும் ஒழுங்கு உண்டு என்று 1970களிலேயே எழுதியவர். சிக்கல் பேச்சில் இல்லை, படிப்பில். 'செடி ஃபுட் பிரிப்பேர் பண்ணும்' என்ற வாக்கியத்தால் பாட்டியைச் சமாளித்துவிடலாம். ஆனால் அதைத் தமிழிலும் முழுசாக எழுத முடியாது, ஆங்கிலத்திலும் முழுசாக எழுத முடியாது. பின்னிப் பேசுவது சுலபம் என்பதாலேயே, படித்தது எந்த மொழியிலும் முழு வாக்கியமாகாமல் நின்றுவிடுகிறது. டியூஷன் ஆசிரியர்களில் பலர் பாதி வாக்கியத்தோடு 'ஓகேவா?' என்று கேட்டு, 'ஓகே' என்ற பதிலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மரியோ அப்படி நகர்ந்திருந்தால் அடையாறில் வகுப்பு நடந்திருக்காது.

தியாகராய நகர் தணிகாசலம் சாலையில் இருக்கும் தட்சிண பாரத இந்தி பிரசார சபாவுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1918இல் காந்தி தொடங்கியது. அவர் மகன் தேவதாஸ்தான் சென்னையில் முதல் ஆசிரியர். பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என்று படிப்படியாகப் போகும் அதன் தேர்வுகளை எழுதாத வீடு மயிலாப்பூரில் குறைவு. இந்தி எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலத்திலும் சனி, ஞாயிறு மாலைகளில் மாடிப்படி ஏறி இந்தி படித்தவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு இன்று நினைவிருப்பது என்ன? ரயில் நிலையப் பலகையை வாசிக்க முடியும். டெல்லி ஆட்டோக்காரரிடம் நாலு வார்த்தை பேச வராது.

ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984இல் இதே மாதிரி ஒரு கேள்வியை ஸ்பானிஷ் மொழிக்குக் கேட்டார். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் படித்துவிட்டுப் பிறகு அதைத் தொடாத 700க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார். சிலர் படித்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடக்கத்தில், மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள், மறதி வேகமாக நடந்தது. அதற்குப் பிறகு மிஞ்சியது 30 ஆண்டுகள்வரை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எவ்வளவு மிஞ்சும் என்பதை நிர்ணயித்தது, தொடக்கத்தில் எவ்வளவு ஆழமாகப் படித்தார்கள் என்பதுதான். பிராத்மிக்கோடு நிறுத்தியவருக்கும் பிரவீண்வரை போனவருக்கும் நாற்பது ஆண்டுக்குப் பிறகு தெரியும் வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு புது மொழி என்று பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி வகுப்புகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பும் பெற்றோர் பாரிக்கின் வளைகோட்டை ஒருமுறை பார்க்கலாம்.

பொருளே தெரியாத மொழியில்கூட ஆண்டுக்கணக்கில் நிற்கும் நினைவும் இந்த ஊரில் இருக்கிறது. பாட்டு வகுப்புக்குப் போகும் எட்டு வயதுப் பிள்ளை தியாகராஜரின் தெலுங்குக் கிருதியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறது. க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் 2, 3, 4 என்று சிறிய எண்கள். எந்த இடத்தில் அழுத்தி, எந்த இடத்தில் மூச்சு விட்டு உச்சரிப்பது என்பதற்கான அடையாளம். தெலுங்கில் தண்ணீர் கேட்கத் தெரியாதவர்கள் அறுபது வயதில் சரணம்வரை பிசகாமல் பாடுகிறார்கள். எடின்பரோவில் கரென் லுட்கே குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனையில், ஹங்கேரிய மொழி அறியாத 60 பேருக்கு அந்த மொழித் தொடர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் பேசியும், ஒரு பிரிவினர் தாளத்தோடு சொல்லியும், ஒரு பிரிவினர் பாடியும் கற்றார்கள். திரும்பச் சொல்லும் சோதனையில் பாடிக் கற்றவர்களே முன்னால் நின்றார்கள். மெட்டு ஒலியைப் பிடித்து வைக்கிறது. பொருளைப் பிடித்து வைப்பது அதன் வேலையல்ல. அதற்குப் பாட்டு டீச்சர் பல்லவியின் அர்த்தத்தைத் தமிழில் இரண்டு வரி சொல்ல வேண்டும். நல்ல டீச்சர்கள் சொல்கிறார்கள்.

வினாத்தாள் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் பல பாடங்களின் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகிறது. யாரும் பெரிதாகப் பாராட்டாத நல்ல ஏற்பாடு இது. விளக்கத்தைத் தமிழில் கேட்ட ஆங்கிலவழிப் பிள்ளையின் கண் ஒரு கணம் தமிழ் வரிக்குப் போய் வந்தால் நினைவு அசையக்கூடும். ஆனால் இரண்டு வரியும் ஒன்றையே சொல்ல வேண்டும். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தர வேண்டும் என்று ஜூலை 10 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்து, நவம்பரில் தீர்ப்பை ரத்து செய்தது. மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி எழுத வேண்டிய பிள்ளை, தமிழில் தடுக்கி ஆங்கில வரிக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்த நேரத்துக்கு மட்டும் எந்த மன்றத்திலும் கணக்கு இல்லை.

இனி முதுமை. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசிய 391 பேருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது என்பதுதான் முக்கியம். அதனால் படிப்பின் பலனை மொழியின் பலன் என்று மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்ற சந்தேகம் குறைகிறது. 2016இல் அதே குழு, பக்கவாதம் வந்த 608 பேரில், அறிவாற்றல் குறையாமல் தப்பியவர்கள் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு என்று கண்டது. இதைக் கேட்டதும் மூன்றாவது மொழி வகுப்பில் சேர்ந்துவிட வேண்டாம். இவை மருத்துவமனைக்கு வந்தவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்துச் செய்தவை. ஆரோக்கியமான பெரியவர்களைப் பற்றிய 152 ஆய்வுகளைச் சேர்த்து மின்னா லெஹ்டோனன் குழுவினர் 2018இல் அலசியபோது, கவனத்தையும் கட்டுப்பாட்டையும் சோதிக்கும் பயிற்சிகளில் இருமொழியாளருக்குத் தனிச் சாதகம் நிலைக்கவில்லை.

முதுமையில் மொழி உடனடியாக முக்கியமாகும் இடம் வேறு: நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மேஜை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மறதிநோய்ச் சோதனைகளை இந்திய மொழிகளுக்குப் பொருத்தமாக வடிவமைத்தபோது, முதலில் தயாரானவை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து; அந்த வரிசையில் தமிழ் இல்லை. உலகில் அதிகம் புழங்கும் மறதிச் சோதனைகளில் ஒன்று, 1975இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீன் குழு தந்தது. அதில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார்கள். 93, 86, 79. முப்பது ஆண்டு ஆங்கிலத்தில் கணக்கு எழுதிய ஒரு மயிலாப்பூர்க்காரரிடம் இதைத் தமிழில் கேட்டால், அவர் இரண்டாவது எண்ணிலேயே நிற்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு சென்னையில் மளிகைக்கடை வைத்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாலும் அதேதான். இரண்டு பேரின் தாமதத்துக்கும் மூளையின் தேய்வு காரணமாக இருக்க வேண்டியதில்லை. சோதிப்பவர் முதலில் "வாய்ப்பாடு எந்த மொழியில படிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டு, அந்த மொழியில் எண்ணச் சொல்லலாம். அவர் எந்த மொழியில் எண்ணினார் என்பதையும் தாளில் குறித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து மறுசோதனைக்கு வரும்போது வேறு மருத்துவர் உட்கார்ந்திருந்தாலும் அதே மொழியில் கேட்டு, இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிட முடியும்.